ஆறாம் வரிசை

ஜூன் 3, செவ்வாய்

சீசன் சூடுபிடித்துவிட்டது. கிருஷ்ணகிரி ரோட்டில் பெங்களூரா மாங்காய் லாரிகள் எங்கள் ஜூஸ் கம்பெனி வாசலில் இருந்து பெட்ரோல் பங்க் வரை நிற்கின்றன. இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கல்லூரி ஆராய்ச்சியாளரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பெயர் மெஹருன்னிசா. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தகரப் பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே சுண்டுவிரல் நக அளவில் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் லட்சக்கணக்கான கிருமி வித்துகளை ஒட்டிவைத்திருக்கிறாளாம். மனிதருக்குக் கெடுதல் செய்யாத வகை, ஆனால் லேசில் சாகாத வகை. சில்லைக் காலி ஜூஸ் பாக்கெட்டின் அடியில் ஒட்டி மெஷினுக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே கிருமியைக் கொல்லும் சூடான பெராக்சைடு ஆவி அடிக்கும்போது வித்துகளின் ஓடு உடையும். உடைந்தால் சில்லில் ஓடும் மின்சாரம் மாறும். ஜூஸ் நிரப்பும் இடத்துக்கு முன்னால் பாக்கெட்டை வெளியே எடுத்து, சில்லைக் கருவியில் செருகினால் ஐந்து நிமிடத்தில் ஒரு எண் வரும். எண்பதுக்கு மேல் என்றால் கிருமி நீக்கம் சரி. கீழே என்றால் ஏதோ உயிரோடு தப்பியிருக்கிறது. இதற்குப் பெயர் பயோசென்சார்.

என்னுடையது பழைய முறை. வித்து தடவிய காகிதத் துண்டை மெஷினுக்குள் அனுப்பி எடுத்து, சோதனைக் குழாயில் ஊட்டச்சாறு ஊற்றி அதில் போட்டு, இன்குபேட்டரில் ஏழு நாள் வைப்பேன். சாறு தெளிவாக இருந்தால் பாஸ். கலங்கினால் கிருமி பிழைத்து வளர்ந்திருக்கிறது, ஃபெயில். நான் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவியாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஒரு குழாய்கூடக் கலங்கியதில்லை. ஏழு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் சில்லு என்று மெஹரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தினமும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் கொடுக்கும் குறிப்பு வேறு. இது என் டைரி, வங்கியில் கொடுத்தது, ஜனவரியில் இருந்து சும்மா கிடக்கிறது.

ஜூன் 4, புதன்

சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

முதல் சோதனை. மெஷின் அறைக்குள் நுழைந்ததும் மெஹர், இவ்வளவு குளுகுளுவென்று இருக்கிறதே என்றாள். இருக்காதா பின்னே? போன வருடம் வரை இந்த அறை அடுப்பங்கரைதான். ஆபரேட்டர்களின் நெற்றி வியர்வை சொட்டி மெஷின் மேல் விழும். வியர்வை என்றால் கிருமி. நிர்வாகத்தோடு எட்டு மாதம் மல்லுக்கட்டி, பொங்கல் கழிந்த வாரம் ஏசி குழாய் போடவைத்தேன். குழாயின் வாய் எங்கே வர வேண்டும் என்று கான்ட்ராக்டர் கேட்டபோது, சுவர்ப் பக்கம் என்று நான்தான் விரலை நீட்டிக் காட்டினேன். அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

பாக்கெட்டுகள் ஆறு வரிசையாக மெஷினுக்குள் போகும். மெஹர் ஆறு வரிசையிலும் சில்லு வைக்கலாம் என்றாள். எங்கள் விதிப்படி சோதனை எல்லாமே மூன்றாம் வரிசையில்தான், நடு வரிசை சராசரியைக் காட்டும் என்று சொன்னேன். அந்த விதியை எழுதியது நான். மூன்றாம் வரிசையிலேயே ஐந்து சில்லு வைத்தோம். 94, 93, 94, 95, 93. "பாத்துக்கோம்மா," என்றேன்.

வெளியே வரும்போது குடோன் வாசலில் முனிரத்தினம் லாரிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். யார் என்று மெஹர் கேட்டாள். முன்பு இந்த மெஷினை ஓட்டியவர், பதினான்கு வருடம், என்றேன். இப்போது ஏன் மூட்டை தூக்குகிறார் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். மார்ச்சில் கடைகளில் இருந்து உப்பிய பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. உள்ளே கிருமி வளர்ந்தால்தான் பாக்கெட் உப்பும். விசாரித்ததில், பிப்ரவரியில் இரண்டு நாள் அவர் மெஷின் முழுதாகச் சூடாகும் முன்பே, மூன்று நிமிடம் முந்தி, ஓட்டத் தொடங்கியது பதிவில் தெரிந்தது. அறிக்கை எழுதினேன். அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். 24ஆம் தேதி கடைசி விசாரணை. என் அறிக்கை நின்றால் வேலை போகும்.

அவர் தன் தரப்பில் என்ன சொன்னார் என்று கேட்டாள். சுவர்ப் பக்கம் குளிர்கிறது என்று ஏதோ சொன்னார், தப்பு செய்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள் என்றேன். மெஹர் இதை நோட்டில் எழுதவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று கிலோ மாங்காய் ஊறுகாய் போட்டேன். வீட்டுக்காரர் உப்பு அதிகம் என்கிறார். அவர் நாக்குக்குத் தரக்கட்டுப்பாடு தேவை.

ஜூன் 9, திங்கள்

மெஹர் கெஞ்சியதால் ஆறு வரிசையிலும் வைத்தோம். 93, 94, 94, 92, 84, 61.

ஆறாவது சில்லு பழுது. நாலு நாள் தகரப் பெட்டியில் ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்தால் அப்படித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

புதுப் பெட்டியைப் பிரித்தோம். எந்தச் சில்லு எந்த வரிசைக்கு என்று நானே சீட்டுக் குலுக்கி எடுத்தேன். ஆறாவது 58. மறுபடி குலுக்கினேன். 60. சில்லை ஒட்டும் பசையில் கோளாறு இருக்கலாம் என்றேன். மெஹர், அதே பசைதானே மேடம் மூணாவதுலயும், என்று மெல்லக் கேட்டாள். மெல்லப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது கஷ்டம்.

ஜூன் 11, புதன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

சில்லை நம்புவதா, பன்னிரண்டு வருட அனுபவத்தை நம்புவதா என்ற கேள்விக்கே இடமில்லை. என் காகிதத் துண்டுகளையே ஆறாம் வரிசையில் வைத்து, சில்லு பொய் சொல்கிறது என்று நிரூபித்துவிடலாம் என முடிவெடுத்தேன். ஐந்து துண்டு வைத்தேன். இப்போது மெஷின் ஓட்டுபவர் தீர்த்தகிரி. நிதானமான ஆள். மெஷின் சூடாக வேண்டிய இருபது நிமிடமும் பக்கத்தில் நின்று என் கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு நொடி முந்தவில்லை. கூடவே வைத்த சில்லு 59 காட்டியது.

ஆள் வேறு, நேரமும் சரி, எண் மட்டும் அதேதான். இதைப் பற்றி எழுத இன்று நேரமில்லை. கண்ணாடிக்குப் பவர் மாற்றவேண்டும், எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

ஜூன் 14, சனி

காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். இரண்டாவது நாளிலேயே ஐந்து குழாயில் நான்கு கலங்கிவிட்டன. அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது. நான்கையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஐந்தாவதை நெடுநேரம் பார்த்தேன், அது ஒன்றாவது தெளிவாக இருக்கிறதே என்று.

மெஹர் பக்கத்தில் நின்றாள். அப்பவே சொன்னேனே என்ற பார்வைகூட இல்லாமல் குழாய் எண்களை நோட்டில் குறித்துக்கொண்டாள். நாளைக்கு ஒரு பெரிய இடத்துக்குப் போவாள் இந்தப் பெண்.

சரி, கலங்கியது கலங்கியதுதான். பத்து நிமிடத்தில் மூன்று உத்தரவு போட்டேன். ஆறாம் வரிசையை நிறுத்து. குடோனில் உள்ள ஆறாம் வரிசைப் பாக்கெட் எதுவும் வெளியே போகக் கூடாது. வெளியே போனதன் பட்டியல் மாலைக்குள் வேண்டும், எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்க வேண்டும். மேனேஜர் ஜெயவேலு ஓடி வந்தார். சீசன் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு உற்பத்தியை நிறுத்துவதா, சோதனைச் சில்லை நம்பி இப்படிச் செய்யலாமா என்று குதித்தார். சில்லை நம்பவில்லை, என் குழாயை நம்புகிறேன் என்று நான்கையும் அவர் மேஜை மேல் வரிசையாக நிற்கவைத்தேன். கிருமி விஷயத்தில் கையெழுத்து என்னுடையது. அவர் கத்தலாம், அவ்வளவுதான்.

இந்த வேலையில் எனக்கு இருக்கும் கெட்டிக்காரத்தனத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உத்தரவு போட்ட வேகத்தையும் சேர்த்து. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அப்போ அந்த முனிரத்தினம் மேல தப்பில்லையா, என்று கேட்டார். அது தனி விஷயம், மூன்று நிமிடம் முந்தியது உண்மைதான் என்றேன். அவர் ஊறுகாய் கேட்டார். உப்பு சரியாகத்தான் இருக்கிறதாம் இப்போது.

ஜூன் 16, திங்கள்

நிறுத்திவைத்த சரக்கைப் பார்வையிடக் குடோனுக்குப் போனேன். அங்கே போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு அங்கே வேலை எதுவும் இருக்கவில்லை, அதனால் போகவில்லை.

ஒவ்வொரு பாக்கெட்டின் கழுத்திலும் தேதியும் நேரமும் வரிசை எண்ணும் அச்சாகியிருக்கும். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பிரித்து ஆறாம் வரிசையைப் பொறுக்க இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். முனிரத்தினம் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பின்பக்கச் சுவருக்கு அழைத்துப் போனார். முப்பது, நாற்பது பெட்டிகள் தனியாக அடுக்கியிருந்தன. திறந்து காட்டினார். எல்லாம் உப்பிய பாக்கெட்டுகள். சிலது கடைகளில் இருந்து வந்தது, சிலது இங்கேயே உப்பியது. ஒன்றை எடுத்துக் கழுத்தைப் பார்த்தேன். ஆறு. இன்னொன்று. ஆறு. இருபது பாக்கெட் பார்த்தேன். ஒன்றே ஒன்று ஐந்து, மற்றதெல்லாம் ஆறு.

ஏப்ரலில் இருந்து சேர்த்துவைக்கிறாராம். சாப்பாட்டு இடைவேளையில் பிரித்து அடுக்குவாராம்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தும் ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன் மேடம்," என்றார். "மார்ச்லயே சொன்னேன், சுவத்துப் பக்கம் குளிருதுன்னு. நீங்க எழுதிக்கிட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. பெட்டியை மூடி மறுபடி அடுக்கினார். நான் நோட்டை எடுத்துப் பெட்டிகளைப் பட்டியல் போடத் தொடங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

மெஹர் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து நூலில் கட்டி, மெஷினின் சுவர்ப் பக்கம் பிடித்தாள். காகிதம் படபடவென்று ஆறாம் வரிசையின் மேல் சாய்ந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஏசி குழாயின் வாய், நேராக அந்த இடத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறது. வெப்பமானியை வைத்தோம். ஆவி அடிக்கும் இடத்தில் மற்ற வரிசைகளைவிடப் பதினெட்டு டிகிரி குறைவு. குளிர்ந்தால் ஆவிக்குப் பலம் இல்லை. வித்து தப்பிவிடும். மெஷினுக்குள் இருக்கும் வெப்பமானி எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்றாம் வரிசையில்.

இந்தக் குழாய் எப்போ மேடம் போட்டீங்க, என்று கேட்டாள் மெஹர்.

ஜனவரி என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. ஐந்தாம் தேதியே நான் பெருமையாகச் சொல்லிவிட்டேனே. மைசூர்பாகு வரைக்கும்.

ஜூன் 18, புதன்

குழாயின் வாயை அட்டை வைத்து அடைத்தோம். ஆறாவது: 92, 93, 93.

அதே மெஷின், அதே சில்லு, அதே தீர்த்தகிரி. அறை மறுபடி கொதித்தது, தீர்த்தகிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். குழாயைக் கதவுப் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இனி எல்லாச் சோதனையும் ஆறு வரிசையிலும், தினமும், சில்லோடு. விதியைத் திருத்தி எழுதினேன்.

பழைய விதியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். சராசரி என்பதெல்லாம் பின்னால் சேர்த்த காரணம். கதவு இருக்கும் பக்கம் நின்றால் மூன்றாம் வரிசை வரை கை எட்டும். ஆறாம் வரிசைக்கு மெஷினைச் சுற்றிப் போய்ச் சுவர் இடுக்கில் குனிய வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்கு இடுப்பு வலி. நான் எனக்கு எட்டிய இடத்தை விதியாக எழுதினேன், எல்லோரும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

மார்ச் மாத அறிக்கையை எடுத்து வாசித்தேன். நான்கு பக்கம். ஓர் எழுத்துப் பிழை இல்லை. மூன்றாம் பக்கத்தில், 'சுவர்ப் பக்கம் குளிர்வதாகக் கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முயல்கிறார்.'

பாவி, எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறேன். அழுதுவிட்டேன். பல் வலியும்தான்.

ஜூன் 21, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் கஞ்சி.

ஜூன் 23, திங்கள்

ஜெயவேலு அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்து, கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர். அவர் யோசனை இது: பழியை ஏசி கான்ட்ராக்டர் மேல் போட்டுவிடலாம். முனிரத்தினம் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால், கருணை அடிப்படையில் மெஷினுக்கே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அவருக்கும் வேலை நிலைக்கும், என் அறிக்கைக்கும் பங்கம் வராது. முனிரத்தினத்திடம் பேசியாயிற்றாம். கடிதம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம், பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் இருக்கிறதாம்.

பல் பிடுங்கிய கன்னம் இன்னும் வீங்கியிருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியது சரி என்றா இல்லை என்றா என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ. எனக்கே அந்த நிமிடம் புரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு சுலபமான வழி. எல்லோரும் நன்றாக இருப்பார்கள். முனிரத்தினம் மட்டும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தினமும் என் முகத்தைப் பார்த்து வணக்கம் வைப்பார்.

ஜூன் 24, செவ்வாய்

காலை பதினொரு மணி. மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த அதிகாரி, ஜெயவேலு. இந்தப் பக்கம் முனிரத்தினம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மடித்த கடிதம். சட்டைத் துணி மெல்லியது, உள்ளே எழுத்து நீலமாகத் தெரிந்தது.

அதிகாரி என்னைப் பார்த்து, உங்கள் அறிக்கையை உறுதி செய்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். முனிரத்தினத்தின் கை பைக்குப் போனது. அந்தக் கடிதம் வெளியே வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது. எழுந்து நின்றேன். அந்த அறையில் யாரும் எழுந்து நின்று பேசும் வழக்கம் இல்லை.

"அவர் சொன்னது உண்மை. நான் எழுதினது தப்பு," என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழாயின் இடத்தைக் காட்டியது நான். சோதனையை மூன்றாம் வரிசையோடு நிறுத்தியது நான். குளிர்கிறது என்று அவர் சொன்னபோது எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்க்காதது நான். மூன்று நிமிடம் முந்தியதற்கும் உப்பிய பாக்கெட்டுக்கும் சம்பந்தமில்லை, அந்த இரண்டு நாள் சரக்கில் மற்ற நாட்களைவிட ஒரு பாக்கெட்கூட அதிகமாக உப்பவில்லை. இதையும் நான் அப்போதே பார்த்திருக்கலாம். சில்லு காட்டிய எண்களையும், கலங்கிய குழாய்களின் படங்களையும், முனிரத்தினம் சேர்த்துவைத்த பெட்டிகளின் பட்டியலையும் வைத்தேன். ஜெயவேலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருணை என்ற வார்த்தை உத்தரவில் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், குற்றமில்லை என்று எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ, ஏழு நாள் கெடு. அதையும் அங்கேயே வாங்கிக்கொண்டேன். என் விளக்கம் நன்றாகவே இருக்கும், எழுதத் தெரிந்தவள் நான்.

வெளியே வராந்தாவில் முனிரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. நாளைக்கு எந்த ஷிப்ட் என்று மட்டும் கேட்டார். முதல் ஷிப்ட் என்றேன். போய்விட்டார். அவர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் நன்றாக உணரவேண்டும் என்பது அவர் வேலை இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மெஹர் நாளை ஊருக்குப் போகிறாள். சில்லும் கருவியும் எங்களிடம் இருக்கும். குழாய் கதவுப் பக்கம் மாறிவிட்டது. ஆறாம் வரிசையும் ஓடத் தொடங்கிவிட்டது.

காலை எண்கள்: 94, 93, 94, 93, 92, 93. இதைவிட அழகான ஆறு எண்ணை நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது முனிரத்தினம் மெஷினின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றார். மூன்று நாளில் முதல் முறையாக அவராக என்னிடம் பேசினார்.

ஒண்ணாவது வரிசையில் சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு மேடம், என்றார். சொல்லிவிட்டு உடனே, எண்ணெல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு, விடுங்க, என்றும் சொன்னார்.

வெளியே பதினேழு லாரி நிற்கிறது. சில்லு சரி என்கிறது. வெப்பமானி சரி என்கிறது. எனக்குக் காது கொடுத்துக் கேட்டும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"நிறுத்துங்க," என்றேன்.

ஆறு வரிசையும் நின்றது. நாற்பது நிமிடம் பிரித்துப் பார்த்தார்கள். ஆவிக் குழல், சூடேற்றி, சங்கிலி, எல்லாம். ஒன்றும் இல்லை. எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது. ஜெயவேலு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். முனிரத்தினத்தின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கிறது, மன்னிச்சிடுங்க மேடம் என்றார். அடுத்த முறை கேட்டாலும் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு போய் மெஷினை ஓட்டத் தொடங்கினார்.

ஷிப்ட் பதிவேட்டில், மெஷினை நிறுத்தினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மின்தடை, பழுது, சுத்தம் செய்தல் என்று ஏதாவது எழுதுவார்கள். நான் 'முனிரத்தினம் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.